வெள்ளைத் துண்டு

என் பல் என்றுதான் முதலில் நினைத்தேன்.
நாக்கு ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணியது,
பேருந்தில் ஏறும் பிள்ளைகளைக்
காலையில் நான் எண்ணுவது போல.
எல்லாரும் இருந்தார்கள்.
உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால்
நகத்தளவு வெள்ளை பிளாஸ்டிக்.

கடிதம் ஜூனிலேயே வந்திருந்தது,
எங்களுக்கு வீட்டை விற்றுப் போன
டெல்மர் ப்ரூயிட் பெயருக்கு.
அவர் தபால்களை ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால்
சேர்த்து வைத்திருக்கிறேன். ஆறு வருடம்.
ஒருநாள் வந்து கேட்பார் என்று.

முதல்முறையாக ஒன்றைப் பிரித்தேன்.
ஐஸ் மேக்கரை உடனே அணைக்கவும்.
வாளியில் உள்ளதைக் கொட்டவும்.
உணர்கரம் முறிந்து கட்டிகளோடு விழலாம்.
வாய் கிழியலாம். தொண்டையில் அடைக்கலாம்.
வருந்துகிறோம்.
வருந்தியவர் பெயர் இல்லை,
இலவசத் தொலைபேசி எண் மட்டும்.

நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு ஒரு பெண்: சீரியல் எண் சொல்லுங்கள்.
காய்கறி டிராயரை உருவி
டார்ச்சைப் பல்லில் கடித்து மண்டியிட்டு
வெங்காயச் சருகைச் சுரண்டிப் படித்தேன்.
ஏழாவது பூஜ்யமா, ஓவா?
தெரியவில்லை அம்மா, ரெண்டுமே முட்டைதான்.
நீங்கள்தான் மிஸ்டர் ப்ரூயிட்டின் மனைவியா?
இல்லை, அவர் ஐஸைத் தின்றுகொண்டிருப்பவள்.
அவள் சிரிக்கவில்லை.
பதினேழு நாள் கழித்து ஆள் வரும் என்றாள்.

லப்பக்கில் ஆகஸ்ட்.
நூற்றாறு டிகிரி. பருத்திக் காட்டுப் புழுதி
ஜன்னல் வலையில் சலித்து விழுகிறது.
இரண்டு நாள் பொறுத்தேன்.
மூன்றாம் நாள் பெட்ரோல் பங்கில்
பத்து பவுண்டு மூட்டை வாங்கி
நிறுத்துமிடத்திலேயே, எஞ்சினை அணைக்காமல்,
நொறுக்கினேன்.
சிகரெட்டை விட்டபோது நான்கூட
இப்படி அலையவில்லை என்றார் ஆர்லோ.
அவருக்குத் தெரிந்தது ஒரு மூட்டைதான்.
இன்னொன்று பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்,
முதலுதவிப் பெட்டியை நகர்த்திவிட்டு.

ரிகோபெர்ட்டோ சமர்ரிப்பா
ப்ளெயின்வியூவிலிருந்து வந்தான், சாக்ஸோடு உள்ளே நடந்தான்.
பழைய கரத்தைக் கழற்றிக் காட்டினான்,
பேனா மூடி அளவுகூட இல்லை. நுனி போயிருந்தது.
உறையில் போட்டு ஒட்டினான்,
கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம்.
வீட்டில் எத்தனை பேர்?
ரெண்டு. அவர் ஐஸ் போட்டுக் குடிக்க மாட்டார்.
மோட்டாரை விரலால் சுற்றிப் பார்த்தான்.
ஓட்டலில் ஓடினது மாதிரி ஓடியிருக்கே.
நான் பேசவில்லை.
அவனும் ரெண்டு திருகு முடுக்கினான்.
பிறகு, ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டபடியே,
என் அக்கா இப்படித் தின்பாள், மேடம்.
ஐஸ் இல்லாத நாளில் பச்சைச் சோளமாவு.
ரத்தம் இல்லை என்று சொன்னார்கள்.

கையெழுத்திடும் இடத்தில்
டெல்மர் ப்ரூயிட்டை அடித்துவிட்டு
வெர்லீன் ஹாஸ்கெல் என்று எழுதினேன்.

டாக்டர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.
பார்த்ததும் கையுறையைக் கழற்றினாள்.
இரும்புச்சத்துக்கு ஏதோ ஓர் எண் வந்தது: நாலு.
எத்தனை இருக்க வேண்டும் என்று கேட்டேன்.
அதைச் சொல்லாமல்
எவ்வளவு நாளாக, என்றாள்.
மாடிப்படியில் மூச்சு வாங்கியதை
வயசு என்று எடுத்துக்கொண்டேன்.
கை சில்லிட்டதை, ஐஸால் என்று.

இப்போது காலையில் ஒரு மாத்திரை.
நாக்கில் பழைய சாவியின் ருசி.
நவம்பரில் ஒருநாள் கவனித்தேன்,
வாளி தொடாமல் நிறைந்திருந்தது,
கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாய்.
புதுக் கரம் அதன் மேல் உயர்ந்து நின்றது,
போதும் என்று.

டெல்மரின் கடிதத்தை மறுபடி உறையிலிட்டேன்.
பென்சிலால் பின்பக்கம் எழுதினேன்:
பிரித்ததற்கு மன்னிக்கவும். சரிசெய்தாயிற்று.
நீங்களும் மென்றீர்களா?
புது விலாசம் இல்லையே என்றாள் தபால்காரி.
இருக்கட்டும், கொண்டு போ என்றேன்.